"கேப்னா இன்னா தம்பி?"

புரட்டாசி வந்தால் எங்கள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் பிரியாணிக் கடை, நான் பில்லிங்கில் இருக்கிறேன். மற்ற மாசத்தில் மூணு அண்டா காலியாகிற ஞாயிற்றுக்கிழமையில்கூட புரட்டாசியில் ஒரு அண்டா சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும், சனிக்கிழமையைக் கேட்கவே வேண்டாம். அதனால் மூணாவது சனிக்கிழமை கடையை மூடிவிட்டு எல்லாரையும் கோவளம் கூட்டிப் போகிறேன் என்று ஓனர் சொன்னபோது, அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது தினமும் கல்லாக் கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும். ஆனாலும் வேன் வாடகை, டோல், டீ, சாப்பாடு எல்லாம் அவர் காசுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் திட்டத்தான் எழுதுகிறேன், அதில் பாதி என்னையே.

நான் பி.காம். படித்தவன். துறைமுகம் பக்கம் ஒரு சின்ன கிளியரிங் ஆபீசில் ரெண்டு வருஷம் கணக்கு பார்த்தேன், ஆள்குறைப்பில் என்னையும் அனுப்பினார்கள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் ரெண்டு மாசம் என்று சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். இப்போது பதினாலு மாசம். அந்தப் பதினாலு மாசம் என் ரெஸ்யூமில் இல்லை. "ஓட்டல்னு போட்டா பார்க்காமலே தூக்கிப் போட்ருவாங்க மச்சான், அதுக்கு கேப்புன்னே விட்ரு" என்று கூடப் படித்தவன் சொன்னான், நானும் விட்டேன்.

ஓட்டலில் இருந்துகொண்டு வேலை தேடுவது எப்படி என்று ஆபீசில் இருந்து வேலை தேடுகிறவர்களுக்குப் புரியாது. மாசத்துக்கு ரெண்டு ஆஃப், அதுவும் ஓனர் சொல்கிற நாள். இன்டர்வியூ எல்லாம் பதினொன்றரை மணிக்கு வைப்பார்கள், சரியாக தம் உடைத்து பிரியாணி அண்டாவைத் திறக்கிற நேரம், பார்சலுக்கு ஆள் நிற்கத் தொடங்கும் நேரம். போனை சைலன்ட்டில் போட்டு பில் ரோல் வைக்கிற டிராயரில் வைத்திருப்பேன். மூணரை மணிக்கு எடுத்துப் பார்த்தால் தெரியாத நம்பரிலிருந்து ரெண்டு மிஸ்டு கால் இருக்கும். திருப்பிக் கூப்பிட்டால் அது போர்டு நம்பர், யார் கூப்பிட்டார்கள் என்று அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியாது. இப்படி எத்தனை போச்சு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்புறம் டூர்.

காசிமேட்டுக் கடல் எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அதை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேனில் போய், உத்தண்டியில் டோல் கட்டி, கடல் பார்க்கப் போகிறோம் என்று நான் சிரித்தேன். பிரியாணி மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். "நம்மாண்ட கடலு கீது, மண்ணு எங்க கீது?" என்றார். உண்மைதான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் போகிற ரோட்டில் பாதி தூரம் கடலுக்கும் நமக்கும் நடுவில் கருங்கல்தான். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாசம் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும், சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையை அரித்துத் தின்றது, தெருக்கள் போயின, அதற்கு அப்புறம்தான் கல்லும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவும். வேன் மெரினாவைத் தாண்டும்போது மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கை காட்டி, "அது நம்ம மண்ணுப்பா, இங்க வந்து குந்திகினு கீது" என்றார். வேனே சிரித்தது. பரோட்டா மாஸ்டர் எர்ணாவூர்க்காரர். 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியில் அள்ளியவர்களில் அவரும் ஒருத்தர், வாரக்கணக்கில் கை நாற்றம் போகவில்லை என்றார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, அடையாறு தாண்டுகிற வரைக்கும் பொழுது போக வேண்டுமே என்று சொன்னார்.

கோவளத்தில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு பக்கம். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிற கிளீனர் தம்பி எட்டு மாசமாகத் தண்டையார்பேட்டையில் இருக்கிறான், கடலை இப்போதுதான் பார்க்கிறான். காலையில் பத்து மணிக்கு உள்ளே போனால் ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியே வருகிறவன் எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பான்? ஒரு கை தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு நேராக மாஸ்டரிடம் வந்து, "மாஸ்டர், நமக் ஜியாதா" என்றான், உப்பு ஜாஸ்தியாம். தினமும் குருமா டேஸ்ட் பார்த்துச் சொல்கிற அதே முகம்.

சப்ளையர் அண்ணன் தண்ணீரில் இறங்கவே இல்லை. சவுக்கு நிழலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். சாப்பாடு வந்தபோதும் எழுந்திருக்கவில்லை, நான்தான் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், "இன்னிக்கு நான் கஸ்டமர்" என்று வாங்கிக்கொண்டார். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது, கேரளாவில் அதற்கு மூணு வருஷம் முன்பே வந்துவிட்டது. எங்கள் கடையில் கஸ்டமருக்கு இல்லாத நாற்காலி ஒன்றே ஒன்று, அது கல்லாவில் இருக்கிறது. அதில் நான் உட்காருகிறேன், அதுவும் ஓனர் இல்லாதபோது.

பன்னிரண்டே கால் இருக்கும். முட்டி வரைக்கும் தண்ணீரில் நிற்கிறேன். போனை எங்கள் கடை பார்சல் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், அடித்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனி, அக்கவுன்ட்ஸ் வேலை. சனிக்கிழமை கூப்பிடுவார்கள் என்று நினைக்கவே இல்லை. பதினாலு மாசத்தில் முதல் தடவையாக அடித்ததும் எடுக்க முடிகிற நேரத்தில் ஒரு கால். ஓடி வந்து மணலில் நின்றேன். பாத்திரம் தேய்க்கிற அக்கா எல்லார் செருப்பையும் ஒரு இடத்தில் குவித்து வைத்துப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். காற்றில் ஒன்றும் கேட்காது என்பதால் நான் கத்தித்தான் பேசினேன்.

"கரென்ட்டா என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம், தேடிட்டு இருக்கேன்."

"அப்போ ஃபோர்டீன் மன்த்ஸ் கேப்பா?"

"ஆமா மேடம், கேப்புதான்."

அதற்குப் பிறகு ரெண்டு கேள்வி, சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பினால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டலாக இல்லை, நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டார்.

"கேப்னா இன்னா தம்பி?"

"நடுவுல வேலை இல்லாம சும்மா இருக்கிறதுக்கா."

"நீ எங்க சும்மா இருந்த? எங்க கூடத்தானே இருந்த."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அக்கா ஏழு வருஷமாக அந்தத் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறார், விரல் இடுக்கெல்லாம் சோப்பில் வெந்து வெள்ளையாகக் கிடக்கும். நான் சொன்ன கணக்குப்படி அவருக்கு ஏழு வருஷம் கேப்.

இங்கேதான் எனக்குக் கோபம். ஓட்டலில் இருந்ததை வேலை என்று எழுதினால் மதிப்பு குறையும் என்று யார் முடிவு பண்ணினார்கள்? நான் அந்தக் கல்லாவில் என்ன செய்கிறேன் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கையில் டேபிள் பில், ரெண்டு டெலிவரி ஆப்பும் மாறி மாறி அலறும், எதிரில் பார்சலுக்கு இருபது பேர், அதில் நாலு பேர் போன் பே போச்சு என்று காட்டுவார்கள், ஒருத்தருக்குப் போயிருக்காது, அதை அவர் மனசு கோணாமல் சொல்ல வேண்டும். ராத்திரி ரொக்கம், கார்டு, யு.பி.ஐ., ஆப் காசு நாலும் தனித்தனியாகக் கூட்டி ஒரே தொகைக்கு வர வேண்டும், நூறு ரூபாய் இடித்தால் என் சம்பளத்தில் போகும். எங்கள் மாதிரி ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம், வாங்குகிற சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரி 1லிருந்து ஆப் மூலமாகப் போகிற சாப்பாட்டுக்கு அந்த 5 சதவீதத்தை ஆப் கம்பெனியே கட்ட வேண்டும், கடை கட்டக்கூடாது. எங்கள் கடையில் ஆப் விற்பனையையும் மொத்தமாகச் சேர்த்து மறுபடியும் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த மூணாவது மாசம் நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன், ஓனர் அன்றைக்கு எனக்கு ஒரு மட்டன் சுக்கா வாங்கிக் கொடுத்தார், எங்கள் கடைச் சுக்காதான். இது அக்கவுன்ட்ஸ் அனுபவம் இல்லையென்றால் வேறு எது?

ஆனால் ஒன்று, அந்த மேடம் என்னிடம் கேட்கத்தான் செய்தார். மறைத்தது நான். வீட்டிலும் அப்படித்தான், சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்ல வேலை" என்பார், பில்லிங் மெஷினும் கம்ப்யூட்டர்தானே. சாப்பிடுகிற எல்லாருக்கும் ஓட்டல் வேண்டும், ஓட்டலில் வேலை செய்கிறவன் மட்டும் தன் வேலையைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கத்தை நானும் பதினாலு மாசமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது மாஸ்டர் தான் செய்த முட்டை பிரியாணியைத் தொடாமல், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். ஜார்க்கண்ட் தம்பி பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான், எதற்கென்று கேட்டால் சிரிக்கிறான். நான் வேனிலேயே போனில் ரெஸ்யூமைத் திறந்து, கடைப் பெயர், பில்லிங் மற்றும் கணக்கு, பதினாலு மாசம் என்று ஒரு வரி சேர்த்தேன். அனுப்பியதில் ஒரு இடம் பதிலே இல்லை. இன்னொரு இடத்தில் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதே தம் உடைக்கிற நேரம்.

ஓனரிடம் அரை நாள் கேட்டேன். "அதான் எல்லாரும் டூர் போயிட்டு வந்தாச்சே" என்றார். அப்போதுதான் தெரிந்தது, கோவளம் போனது இந்த மாச ஆஃபில் ஒன்றாகக் கணக்காம். எங்கள் எல்லாருக்கும். ஓட்டல் வேலைக்கென்றே 1958ல் தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு நாள் லீவு அதிலேயே இருக்கிறது. நான் சொன்னேன். சட்டம் பேசுறியா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு பார்சல் கவுன்டர் பக்கம் போய்விட்டார். இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்காதான், "நீ போயிட்டு வா தம்பி, கல்லாவ நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஏழு வருஷத்தில் அவரைக் கல்லாப் பக்கம் விட்டதே இல்லை.