ஆர்ட்டிசன் யார் மகன்?

பாட்டி: கருப்பட்டி 420 ரூபாயா? அதுவும் கால் கிலோ? யாரப்பா செய்தது?

பையன்: ஆர்ட்டிசன் பாட்டி. அதனால்தான் விலை கொஞ்சம் கூட.

பாட்டி: யார் மகன்?

பையன்: என்னது?

பாட்டி: ஆர்ட்டிசன் யார் மகன் என்று கேட்டேன். எங்கள் உடன்குடிப் பக்கம் நெல்சன் இருக்கிறான், ஜான்சன் இருக்கிறான், மணப்பாட்டில் ஒரு எடிசன்கூட வள்ளம் வைத்திருக்கிறான். ஆர்ட்டிசனைக் கேள்விப்பட்டதில்லை. தொழிலுக்குப் புதுசோ?

பையன்: ஐயோ, அது ஆள் பேர் இல்லை பாட்டி. கையால் செய்தது என்று அர்த்தம்.

பாட்டி: கொதிக்கிற பாகில் கையையா விட்டான்? வெந்து போகாதா அந்தப் பிள்ளைக்கு? ஒரு துடுப்பு வாங்கிக் கொடுக்க ஆள் இல்லையா?

பையன்: அப்படி இல்லை பாட்டி, மெஷின் இல்லாமல், பாரம்பரிய முறையில்... இதோ பாருங்கள், ஸ்மால் பேட்ச் என்று போட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார்கள்.

பாட்டி: அன்றைக்கு அவ்வளவுதான் பதநீர் இறங்கியிருக்கும், இதில் என்ன பெருமை? ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும் தம்பி, அதற்கு ஒருத்தன் விடியும் முன்னே ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை என்று அத்தனை மரத்திலும் ஏறி இறங்கிப் பாளை சீவ வேண்டும். உங்கள் ஆர்ட்டிசன் ஏறுவானா, காய்ச்சுவதோடு சரியா?

பையன்: (பெட்டியைத் திருப்பிப் பார்த்து) அது போடவில்லை பாட்டி.

(வரிசையில் மூன்றாவது ஆளாகச் சோப்போடு நின்றிருந்தேன். முன்னால் நின்றவர் அதுவரை வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இப்போது அதை விட்டுவிட்டார்.)

பையன்: சரக்கு ஃப்ரெஷ் பாட்டி. போன வாரம் செய்து வந்தது.

பாட்டி: இப்போது என்ன மாசம்?

பையன்: நவம்பர்.

பாட்டி: ஐப்பசி முடியப் போகிறது. பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் பதநீர், அப்புறம் மரம் ஓய்ந்துவிடும். போன வாரம் அடித்த மழையில், வழுக்குகிற பனையில் ஏறிக் காய்ந்த பாளையில் பதநீர் எடுத்திருக்கிறான் என்றால் ஆர்ட்டிசனுக்கு மாலை போட வேண்டும். அவன் அம்மா எப்படி விட்டாள்?

பையன்: பாட்டி, நான் சொல்வதைக் கேளுங்கள். ஆர்ட்டிசன் என்றால் கைவினைஞர். தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவர்.

பாட்டி: என்ன தெரியும்? கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று தெரியுமா? தடவ மறந்தால் புளித்துக் கள்ளாகிவிடும், போலீஸ் வரும். அதிகமானால் வாயில் வைக்க முடியாது. பாகு பொங்கிக்கொண்டு வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் பொட்டிப் பாம்பு மாதிரி அடங்கும், அது தெரியுமா? பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கணும், உருண்டால் இறக்கு, அந்த நேரம் எவளாவது வந்து வாய் கொடுத்தாள் என்றால் தீய்ந்தது. நாற்பது வருஷம் காய்ச்சியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி புண்ணியத்தில் இரண்டு தடவை தீய்ந்திருக்கிறது.

பையன்: அப்போ நீங்களும் ஆர்ட்டிசன்தான் பாட்டி!

பாட்டி: என் பேர் செல்லக்கனி.

பையன்: இல்லை, நான் என்ன சொல்கிறேன் என்றால்...

பாட்டி: பெட்டியில் இருக்கிறது என்ன மரம்?

பையன்: பனை மரம்.

பாட்டி: பேரீச்சை. துபாயில் என் தம்பி மகன் இதன் அடியில் நின்று போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறான். நம்ம மாநில மரமே பனைதான், அதைக்கூடவா ஆர்ட்டிசனுக்குத் தெரியவில்லை?

பையன்: படம் டிசைனர் போட்டது பாட்டி.

பாட்டி: டிசைனர் யார் ம... சரி விடு. எந்த ஊரில் காய்ச்சியது, பின்னால் படி.

பையன்: காய்ச்சியது என்று இல்லை. பேக் செய்தது... தொழிற்பேட்டை, இரண்டாவது மெயின் ரோடு.

பாட்டி: அங்கே பனை உண்டா?

பையன்: பார்க்கிங் உண்டு.

பாட்டி: உள்ளே என்னென்ன போட்டிருக்கிறான்?

பையன்: பனங்கருப்பட்டி... (கண்ணைச் சுருக்கி, பெட்டியை லைட்டுக்குக் காட்டி) சர்க்கரை.

பாட்டி: சதுரமாக இருக்கும்போதே நினைத்தேன். சிரட்டையில் ஊற்றினது சிரட்டை மாதிரிலா இருக்கும். விலையிலேயே 420 என்று ஒப்புக்கொண்டுவிட்டான், நான்தான் கவனிக்கவில்லை.

பையன்: ஆர்ட்டிசன் அப்படியெல்லாம் கலக்க மாட்டார்கள் பாட்டி.

பாட்டி: நான் ஆர்ட்டிசனைச் சொல்லவே இல்லையே. மரம் ஏறுகிறவன் சர்க்கரை மூட்டையைத் தூக்கிக்கொண்டா ஏறுவான்? எல்லாம் சரக்கு ரோட்டுக்கு வந்தபிறகு நடந்தது. பாவம், அவனுக்கு இதில் எவ்வளவு கொடுத்தீர்கள்?

பையன்: எனக்கு எப்படித் தெரியும் பாட்டி, நானே மாசச் சம்பளத்துக்கு நிற்கிறேன்.

பாட்டி: பேராவது போட்டிருக்கா?

பையன்: கம்பெனி பேர் இருக்கிறது.

பாட்டி: எங்கள் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம்தான், அதிலும் ஊர் பேர்தான் வந்தது. ஏறினவன் பேர் பேப்பரில் வர வேண்டும் என்றால் மரத்திலிருந்து விழ வேண்டும். அன்றைக்கும் பனைத் தொழிலாளி பலி என்றுதான் போடுவான், ஆர்ட்டிசன் பலி என்று போட மாட்டான்.

(பையன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.)

பையன்: பில் போடவா பாட்டி?

பாட்டி: சுக்குக்கு மட்டும் போடு. கருப்பட்டி என் பையிலேயே இருக்கிறது, மகள் வீட்டுக் காப்பிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்தேன். ஆர்ட்டிசன் இந்தப் பக்கம் வந்தால் உடன்குடிக்கு வரச் சொல், செல்லக்கனி கூப்பிட்டாள் என்று சொன்னால் போதும். சித்திரையில் வரச் சொல், இப்போது வந்தால் மழையைத்தான் பார்த்துவிட்டுப் போகணும்.

பையன்: சொல்கிறேன் பாட்டி.