சின்ன மசோதா என்று விதியில் எதுவும் இல்லை

“சின்னச் சின்னத் திருத்த மசோதாக்களை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது” என்ற செய்தி எங்கள் காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அனுப்பியவர்கள் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அது சரியில்லை.

மக்களவை விதிகளில் சின்ன மசோதா, பெரிய மசோதா என்ற பிரிவே கிடையாது. அந்தந்தத் துறையின் மசோதாக்களை ஆராயும் எம்பிக்களின் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தன. இப்போது 24 இருக்கின்றன. சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அனுப்பும் மசோதாவைத்தான் அந்தக் குழுக்கள் பார்க்கும். அளவு எதுவானாலும் அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். 2020 வேளாண் மசோதாக்கள் சின்னவையா? அவையே குழுவுக்குப் போகவில்லை. மாறாக, 42 சட்டங்களில் சிறு சிறு திருத்தங்கள் செய்த ஜன் விஸ்வாஸ் மசோதா 2022 டிசம்பரில் இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்குப் போனது.

நீங்களே பார்க்கலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் மக்களவை நடைமுறை விதிகளைத் திறந்து 74, 331-ஹெச் இரண்டையும் படியுங்கள், பத்து நிமிடம் போதும். அப்புறம் நாடாளுமன்ற மசோதாக்களைத் தொடர்ந்து கவனிக்கும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் ஏதாவது ஒரு மசோதாவின் பக்கத்துக்குப் போனால் அது குழுவுக்குப் போனதா, எந்தத் தேதியில் என்று இருக்கும்.

சின்னதற்குக் குழு வேண்டுமா என்று தாராளமாக வாதாடலாம். எனக்கு வேண்டும் என்றுதான் படுகிறது. பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொதுவான வீட்டுப் பத்திரத்தில் ‘வளவு உட்பட’ (வளவு என்றால் வீட்டின் உள்முற்றப் பகுதி) என்ற இரண்டே சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.