பாட்டி ஜன்னலைப் பார்க்கிறாள்

ஸ்பானிஷ் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், முதல் மாத முடிவில் ‘என் குடும்பம்’ பற்றி ஒரு பத்தி எழுதி வரச் சொல்வேன். இருபது தாள் வரும். இருபதிலும் ஒரே குடும்பம்தான். ‘மி ஃபமிலியா எஸ் கிராந்தே. மி மாத்ரே எஸ் சிம்பாத்திகா.’ என் குடும்பம் பெரியது, அம்மா இனிமையானவர். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவனும் பெரிய குடும்பம் என்றே எழுதியிருப்பான். கேட்டால், பாடப்புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்பான். பிழை தேடினாலும் கிடைக்காது. எழுதிய ஆளையும் தேட வேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு மாணவி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தார். ‘மி அபுவேலா நோ ஆப்லா. மிரா லா வென்தானா.’ பாட்டி பேசுவதில்லை; ஜன்னலைப் பார்க்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள் என்று சொல்ல நடுவில் ‘போர்’ என்ற சிறு சொல் வேண்டும். என் பேனா வழக்கம்போல அந்த இடத்தை வட்டமிட்டது. அவர் தாளை வாங்கினார், வட்டத்தைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் அவருடைய குடும்பமும் பெரியதாகிவிட்டது.

‘கே மிரா?’ என்று எழுதியிருக்கலாம். எதைப் பார்க்கிறாள்? இரண்டே சொல். மரமோ தெருவோ, பதிலுக்கு வேண்டிய சொல்லை அவரே தேடிப் பிடித்திருப்பார். இன்றும் உறுத்துகிறது.

தொடக்க நிலையில் சொந்தமாக எழுத மொழி போதாது என்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அதிலும் தமிழர்களுக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. ‘எனக்கு வாசிக்கப் பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷ்காரரும் ‘மே குஸ்தா லேயேர்’ என்று ‘எனக்கு’ போட்டுத்தான் சொல்கிறார். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படியே: ‘மே துயேலே லா கபேசா.’ ஆங்கிலத்தின் ‘நான்’ வழியாக வருபவர்கள்தான் இங்கே இடறுகிறார்கள். நீ, நீங்கள் போல ‘து’, ‘உஸ்தேத்’ இருக்கின்றன. ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்பதே இல்லாத பயிற்சியில் எதைப் போட்டால் என்ன? தோழிக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஆளுக்கொரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள், அந்த வேறுபாடு தானாகப் பிடிபடும்.

இன்னொரு கூட்டம், தாய்மொழியில் நீளமாக எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக் கொண்டுவரும். மூன்றாம் வாரத்திலேயே, ஆண்டுக் கடைசியில் நான் நடத்த வேண்டிய வினைவடிவங்கள் எல்லாம் மின்னும். இந்த வரியை வாசித்துச் சொல் என்றால் மௌனம். எனக்கு அதைவிட ஜன்னலைப் பார்க்கும் பாட்டி மேல்.

இரண்டாம் மொழி எழுத்து வகுப்புகளில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று 1996-இல் மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் எழுதினார். 1999-இல் இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் மறுத்தார். நான் டிரஸ்காட் அளவுக்குப் போகமாட்டேன். திருத்துகிறேன், ஆனால் ஒரு தாளுக்கு ஒரே பிழை. அதற்கு முன் அடியில் ஒரு கேள்வி.

அண்மையில் ஒருவன் ‘நோ மே குஸ்தா மி நோம்ப்ரே’ என்று எழுதியிருந்தான். தன் பெயர் தனக்குப் பிடிக்காதாம். ‘போர் கே?’ என்று மட்டும் கேட்டேன். ஏன்? ஒன்றரைப் பக்கம் வந்தது, பிழைகளை எண்ணவில்லை. பாதியில் நின்றுபோய், ‘பெயர் வைத்தார்கள்’ என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்தான். பாடத்திட்டப்படி இறந்தகாலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அங்கேயே சொல்லிக்கொடுத்தேன்.