பென்சனுக்கு முன் பெயரைப் பாருங்கள்

அரச வேலையில் இருக்கும், ஐம்பது வயதைத் தொட்ட எல்லோரும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு, முதல் நியமனக் கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். அப்புறம் கணவனுடைய, அல்லது மனைவியுடைய பத்திரங்களையும் அப்படியே வாசியுங்கள். இந்த இரண்டாவது வாசிப்புத்தான் முக்கியம். ஏனென்று கீழே சொல்கிறேன்.

இலங்கையின் கிழக்கில் ஒரு கல்விக் கந்தோரின் தாபனப் பிரிவில் இருந்து இளைப்பாறியவள் நான். ஆசிரியர்கள், அதிபர்கள், சிற்றூழியர்கள் என்று எத்தனையோ பேரின் சுயவிபரக் கோவைகளைப் பென்சனுக்காக ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும் கோவை கையில் வந்தால் அன்றைக்கு எனக்கே சந்தோஷமாக இருக்கும். அவ்வளவு அரிது.

இதைச் சொன்னால் "எங்கட சனத்துக்குக் கவனம் இல்லை" என்று சிலர் முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தன் பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் தானே எழுதியவர் உலகத்தில் யாரும் இல்லை. பதிவுகாரரிடம் போய்ப் பெயரைச் சொன்னது அப்பா, அல்லது மூத்தப்பா, சில வேளை பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்னதைப் பதிவுகாரர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பில் அதிபர் இன்னொரு விதமாக எழுதினார். அடையாள அட்டை விண்ணப்பத்தை விதானையார் வீட்டு விறாந்தையில் வைத்து யாரோ நிரப்பிக் கொடுத்தார். அது கொழும்புக்குப் போய் வேறொருவர் தட்டச்சு செய்து திரும்பி வந்தது. நியமனக் கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தார்கள். பெரும்பாலும் அரசாங்கத்தின் பேனாதான் எழுதியது. ஆனால் ஓய்வுபெறும் வயதில் அந்தப் பிழையைத் திருத்த பஸ் ஏறுவது அந்த மனிதர் மட்டும்தான். அதுவும் மகாஓயாப் பாதையால் இரவு முழுக்கப் பயணம் செய்து, தலைமைக் கந்தோர்கள் இருக்கும் பத்தரமுல்லையில் விடிய இறங்கி, சிங்களத்தில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பவர்களை நான் அறிவேன்.

நம் பகுதியில் நான் அதிகம் கண்டது பெண்களின் முதலெழுத்துச் சிக்கல். கல்யாணத்துக்கு முன் நியமனம் கிடைத்திருந்தால் அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பின் ஊரும் பள்ளிக்கூடமும் கணவனின் முதலெழுத்தில் அழைக்கும். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கியில் இரண்டையும் கலந்து ஒரு பெயர். முப்பது வருடம் இதனால் ஒரு தொந்தரவும் இருக்காது, ஏனென்றால் சம்பளம் போடுகிற கிளாக்கருக்கு ரீச்சரின் முகம் தெரியும். பென்சனுக்குப் போகும்போது கோவையைத் திறப்பவருக்கு அந்த முகம் தெரியாது. அவருக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு ஆள்.

அடுத்தது எழுத்து. யோகேஸ்வரி ஒரு இடத்தில் ஜோகேஸ்வரி ஆகியிருப்பார். தங்கராசா தங்கராஜா ஆகியிருப்பார். பின்னால் இருந்த "பிள்ளை" எங்காவது உதிர்ந்திருக்கும். ஞானசேகரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஜி-யில் தொடங்கியவரும் உண்டு, என்-இல் தொடங்கியவரும் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று ஆட்களுக்கு முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயர் மூன்றாகப் பிரியும். லெப்பை ஒரு பத்திரத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

அதோடு நம் மாவட்டங்களின் கதையும் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன பெட்டிகள், 1990இல் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு ஓடியபோது கைவிட்ட பெட்டிகள், 2004 டிசம்பர் 26இல் கல்லாறு, நாவலடி, பாண்டிருப்பு, மருதமுனைக் கரைகளில் கடல் கொண்டுபோன பெட்டிகள். பெட்டிக்குள் இருந்தது பத்திரங்கள். பிறகு அகதி முகாமில் இருந்தபடி ஞாபகத்தில் சொல்லிச் சொல்லி எடுத்த பிரதிகளும் புது அடையாள அட்டைகளும்தான் பலரிடம் இன்றைக்கு இருக்கின்றன. அந்த நேரத்தில் எழுத்துப் பார்த்து வாங்குகிற நிலையில் யார் இருந்தார்கள்? இன்னொன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் பதிவுகள் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். பெற்றோரின் விவாகப் பதிவைத் தேடும்போது இதைக் கண்டு பதறுகிறார்கள். அது பிழை இல்லை, திருத்தவும் தேவையில்லை.

"இன்னும் காலம் இருக்குத்தானே" என்பவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தினார்கள். அதே வருடம் அதை 60க்கு இறக்கினார்கள். அறுபதைத் தாண்டியிருந்தவர்கள் டிசம்பர் 31ஆம் திகதி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இன்னும் சில வருடம் கிடக்கு என்று இருந்தவர்களுக்குச் சில மாதம்தான் கிடைத்தது. சம்பளம் நின்ற பிறகும் பெயர்ச் சிக்கலால் கோவை நகராமல் கிடந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். கடன் வாங்கிச் சாப்பிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் சேவை செய்தவர்கள்.

சரி, மனைவியின் பத்திரத்தை ஏன் வாசிக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். ஓய்வுபெறுபவரின் சொந்தப் பெயர்ப் பிழைக்கு வாதாட அவர் உயிரோடு இருக்கிறார். நியமனக் கடிதத்தைக் காட்டுவார், கூடப் படித்தவரைக் கூட்டி வருவார், எப்படியோ ஒரு நாள் முடியும். டபிள்யூ அன்ட் ஓபி என்று நாம் சொல்கிற விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம் அப்படி இல்லை. உறுப்பினர் இறந்த பிறகுதான் அந்தக் கோவை திறக்கும். உள்ளே அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்த மனைவியின் பெயர் இருக்கும். பெரும்பாலும் வீட்டில் கூப்பிடுகிற பெயர். விவாகப் பதிவில் அப்பாவின் பெயரோடு வேறொன்று. அடையாள அட்டையில் கணவனின் முதலெழுத்தோடு இன்னொன்று. எல்லாம் நான்தான் என்று நிரூபிக்க வேண்டியவள் முப்பத்தொராம் நாள் முடிந்து வெள்ளைச் சேலையோடு வந்து நிற்பாள். எது எப்படி எழுதப்பட்டது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விதவைகளுக்கான இந்தத் திட்டம் 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. பெண் உத்தியோகத்தரின் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை 1983இல்தான் சட்டமானது. சம்பளத்தில் மாதாமாதம் இதற்கென்று கழிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி வைத்த பாதுகாப்பு அது. ஒரு "ச"வுக்கும் "ஜ"வுக்கும் இடையில் அது நின்றுபோவதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இதோடு சேர்த்து ஒன்று. வீட்டில் மரணம் நடந்தால், அதைப் பதியப் போகிறவரிடம் இறந்தவரின் அடையாள அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள். துக்க வீட்டில் யாரோ ஒரு மருமகன் போய் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அந்த மரண அத்தாட்சிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அப்புறம் படுகிற பாடு தேவையே இல்லாதது.

பலர் செய்வது, ஒரு ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) போய் "இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது" என்று சத்தியக்கடதாசி எடுத்து ஒட்டிவிட்டு வருவது. அவசரத்துக்கு அது உதவும். மறுக்கவில்லை. ஆனால் சத்தியக்கடதாசி பதிவேட்டைத் திருத்தாது. ஒரு கந்தோர் ஏற்கும், அடுத்தது ஏற்காது. இன்று ஏற்ற கந்தோரிலேயே ஆள் மாறினால் நாளை கேள்வி வரும். வயது போன பெண் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சத்தியம் செய்துகொண்டு திரியவா?

எதைத் திருத்துவது என்பதில்தான் யோசனை வேண்டும். பத்திரங்களை அடுக்கிப் பார்த்தால் எது தனித்து நிற்கிறது என்று தெரியும். பிறப்புப் பத்திரமும் பாடசாலைச் சான்றிதழும் நியமனக் கடிதமும் ஒத்துப்போய் அடையாள அட்டை மட்டும் மாறியிருந்தால், அட்டையை மாற்றுங்கள்; அது இலகு. வாழ்நாள் முழுக்க ஒரு பெயரில் இருந்துவிட்டு, பிறப்புப் பத்திரத்தில் மட்டும் வேறு பெயர் கிடந்தால், அங்கேதான் திருத்த வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். சொந்தப் பெயரை மாற்றுவதற்கு ஒரு விண்ணப்பம், மற்றப் பிழைகளுக்கு வேறு விண்ணப்பம், ஆகவே என்ன பிழை என்று முதலே தெளிவாகச் சொல்லுங்கள். பழைய சான்றுதான் அங்கே பேசும். பாடசாலை விடுகைப் பத்திரம், கோயிலில் கொடுத்த ஞானஸ்நானப் பத்திரம், பெற்றோரின் விவாகப் பதிவு, கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் எல்லாம் கொண்டுபோங்கள். போன வருடம் எடுத்த கடிதத்தை விட ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு மஞ்சள் தாளுக்கு மதிப்பு அதிகம். பிறப்பே பதியப்படாதவர்கள் உத்தேச வயதுப் பத்திரத்தோடு வேலைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் இன்னும் முந்தித் தொடங்க வேண்டும்.

பிறப்புப் பத்திரத்தின் புதுப் பிரதிக்காகப் பிறந்த ஊருக்கே போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. 1960க்குப் பிந்திய பதிவுகளை வேறு பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். திருத்தம் கிடைத்ததும் முதலில் அதைக் காட்டி அடையாள அட்டை, பிறகு அட்டையைக் காட்டி வங்கி, கடைசியில் எல்லாவற்றின் பிரதியும் உங்கள் கந்தோரின் கோவைக்குள். இந்த ஒழுங்கு மாறினால் மறுபடியும் முதலில் இருந்து.

தனியார் துறையில் இருப்பவர்களும் இதை வாசித்துவிட்டு நகர வேண்டாம். அரிசி ஆலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன வீட்டுப் பெயரே ஊழியர் சேமலாப நிதியில் ஏறியிருக்கும். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அந்தப் பெயரில்தான் சேருகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். ஆலை மூடி முதலாளியும் ஊரை விட்டுப் போன பிறகு உங்கள் பெயரை உறுதிப்படுத்தக் கையெழுத்து வைக்க ஆள் இருக்காது. வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

இனிக் கந்தோர்களில் இருக்கும் என் தம்பி தங்கச்சிமாருக்கு. நியமனம் பெற்று வருகிற பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் அன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் எழுத்தில் அறிவியுங்கள். இருபத்தைந்து வயதில் அம்மா அப்பா இருக்கிறார்கள், படிப்பித்த அதிபர் இருக்கிறார், திருத்துவது பெரிய காரியம் இல்லை. கல்யாணமானதும் டபிள்யூ அன்ட் ஓபி விபரம் எழுத வரும்போது மனைவியின் பெயரை அவர் வாயால் கேட்டு எழுதாதீர்கள், விவாகப் பதிவைப் பார்த்து எழுதுங்கள். ஐம்பது வயதானவர்களின் கோவைகளை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இதற்குப் புதுச் சுற்றுநிருபம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவை நடத்துகின்றன, நல்ல விசயம். அதில் பதிவாளர் பகுதி, ஆட்பதிவு, ஓய்வூதியப் பகுதி மூன்றையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் இருத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. படுவான்கரையில் இருந்து வள்ளமும் பஸ்ஸும் ஏறி வருகிற ஒருவரை மூன்று கிழமைக்கு மூன்று கந்தோருக்கு அனுப்புவதில் என்ன சேவை இருக்கிறது?

உங்கள் பத்திரங்களில் எது எப்படி மாறியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இப்போது வேலையில் இருக்கும் தாபனப் பிரிவு ஆட்களும் பதில் சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் பத்திரத்தின் படத்தையும் மட்டும் பொதுவில் போடாதீர்கள்.