ரெண்டு ஏக்கர் பட்டா வைத்திருப்பவர் ஏழையா?

"ஏழை விவசாயி" என்று ஒருத்தர் பேச்சைத் தொடங்கினாலே, "ஏக்கரு ஐம்பது லட்சத்துக்கு நிலத்த வச்சிக்கிட்டு என்னய்யா ஏழை?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார். மதுரையைச் சுற்றி எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தச் சண்டை உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த நிலம் உள்ள சின்ன விவசாயி பெரும்பாலும் ஏழை இல்லை. ஆனால் அவர் வீட்டுச் செலவு நிலத்தால் ஓடவும் இல்லை. உண்மையான ஏழை அதே வயலில்தான் நிற்கிறார், பட்டாவில் மட்டும் பெயர் இல்லை.

முதலில் கணக்கு. மேலூர் ஒருபோகப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல், எல்லா வேலைக்கும் ஆள் வைத்து. ரேட் ஊருக்கு ஊர் ஐநூறு, ஆயிரம் முன்னே பின்னே இருக்கும். விதை முப்பது கிலோவும் நாற்றங்கால் செலவும் சேர்த்து 2,500. புழுதி உழவு, சேற்று உழவு இரண்டுக்கும் டிராக்டர் 5,000. வரப்பு வெட்டி அண்டை கழிக்க 1,500. நாற்றுப் பறித்து நடுவதற்கு 6,000. டிஏபி ஒரு மூட்டை 1,350, யூரியா ரெண்டு மூட்டை 533; பொட்டாஷும் ஜிங்க் சல்பேட்டும் சேர்த்தால் உரம் 3,500-ஐத் தொடும். ஒரு கை களைக்கு எட்டுப் பெண் ஆட்கள், 3,200. குருத்துப்பூச்சிக்கு ஒன்று, குலைநோய்க்கு ஒன்று என ரெண்டு தரம் மருந்தடிக்க 2,500. பெல்ட் வண்டி அறுப்பு ஒன்றேகால் மணி நேரம், 3,500. சாக்கு, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, காயப்போடும் ஆள் கூலி 2,500. ஆக, ஏறக்குறைய 30,000 ரூபாய்.

நல்ல வெள்ளாமை என்றால் காய்ந்த நெல் ரெண்டு டன். தமிழ்நாட்டில் 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545. அப்படியானால் 50,000. வைக்கோலில் ஒரு ரெண்டாயிரம். மிச்சம் 22,000. ரெண்டு ஏக்கருக்கு 44,000. ஒருபோகம் என்பதால் வருசத்துக்கு நெல்லில் வருவது அவ்வளவுதான், மாதம் 3,700 கூட இல்லை. ஒரு கொத்தனார் ஐம்பது நாளில் இதைச் சம்பாதித்துவிடுவார். இதில் வீட்டுக்காரர் ராத்திரி மடை திறந்துவிடப் போனதற்கோ, அவர் மனைவி களத்தில் நெல் தள்ளியதற்கோ ஒரு ரூபாய் கூலி போடவில்லை.

இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மெஷினில் அறுத்த நெல் 20, 21-ல்தான் வந்து விழும். 21-ல் இருந்து 17-க்கு இறக்கினால் டன்னுக்கு 48 கிலோ எடை குறையும், காயப்போடும் கூலியும் இடமும் தனி. களம் கிடைக்காதவர்கள் தார்ரோட்டில் கொட்டுவது சும்மா இல்லை. அதற்குள் மழை ஒரு தூறல் போட்டால் குவியலுக்கு அடியில் முளை கட்டிவிடும். பயிர் சாய்ந்திருந்தால் ஒன்றேகால் மணி நேர அறுப்பு ரெண்டரை மணி நேரம் ஆகும், வண்டி வாடகையும் இரட்டிப்பாகும். சிப்பம் நாற்பது கிலோ என்று எடை போட்டு முடிவதற்குள் மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுகிற காசு பற்றி எல்லாருக்கும் தெரியும், நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. வரிசையில் நிற்க முடியாதவர் களத்திலேயே வியாபாரிக்குக் கிலோ 19-க்குப் போடுகிறார், மிச்சம் 22,000 என்று நான் எழுதியது அப்போதே 10,000 ஆகிவிடும்.

சரி, இத்தனைக்கும் இவர் ஏழை இல்லை என்று ஏன் சொல்கிறேன்?

2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான வருமானம் பற்றி தேசியப் புள்ளியியல் அலுவலகம் விவசாயக் குடும்பங்களைக் கேட்டு எடுத்த கணக்கு இருக்கிறது. இந்தியா முழுக்கச் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று பெயர், ஆனால் கூலியும் சம்பளமும் வெள்ளாமையை முந்திவிட்டன. மதுரைப் பக்கம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பையன் திருப்பூரில், மருமகள் கப்பலூர் கம்பெனியில், வீட்டில் ரெண்டு கறவை மாடு. பால் காசு பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைக்கு வருகிறது, நெல்லோ அஞ்சு மாதம் கழித்துத்தான் வரும். அந்த அஞ்சு மாதத்தைக் கடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் உண்டு, கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. இந்தக் கடன் கிடைப்பது நிலப்பதிவுத் தாளான சிட்டா கையில் இருப்பதால்தான். பட்டா கொடுக்கும் பெரிய வருமானம் நெல் இல்லை. கடன் வாங்கும் தகுதிதான்.

நிலத்தின் விலையைச் சொல்லி அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிங் ரோடு ஓரம் செண்டு லட்சங்களில் போவது உண்மை. பேரையூர் கரிசலில் மானாவாரியாகக் கிடக்கும் ஏக்கர் அந்த விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ரிங் ரோட்டுக்காரராலும் உடனே விற்க முடிவதில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில், வாரிசு பதினோரு பேர், அத்தைமார் ரெண்டு பேர் கையெழுத்து பாக்கி. கூட்டுப் பட்டாவைப் பிரிக்க சர்வேயருக்கு மனுப் போட்டு, அளந்து, உட்பிரிவு எண் வாங்கி முடிப்பதற்குள் கல்யாணம் நடந்து பிள்ளையும் பிறந்துவிடும். விற்று முடித்தாலும் அது ஒருமுறைப் பணம். முன்பக்கம் பத்து செண்டை பிளாட்டுக்குக் கொடுத்தால் பின்பக்கத்து வாய்க்கால் பாதை அடைபடும், மிச்ச நிலமும் தரிசாகும். சொத்து உண்டு, ரொக்கம் இல்லை. அது கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் பசிக்கும் அதற்கும் நடுவில் தூரம் உண்டு.

ஏக்கரை வைத்து அளப்பது எவ்வளவு தப்பு என்பதற்குத் தண்ணீரே சாட்சி. பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கீழே மேலூர், திருமங்கலம் கால்வாய்களில் ஒருபோகம், 1,05,002 ஏக்கர். வாடிப்பட்டியில் ரெண்டு ஏக்கர் என்றால் வருசத்துக்கு நாலு ஏக்கர் அறுப்பு. மேலூரில் ரெண்டுதான், அதுவும் கடைமடை என்றால் செப்டம்பரில் திறந்த தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று சாமியைத்தான் கேட்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பழைய ஏட்டில் நன்செய் என்று எழுதிய வயல், கம்மாய் வறண்டு பத்து வருசமாக சோளத்துக்குக்கூட ஏங்கும். ஆனால் காகிதம் நன்செய் என்றே பேசும். மகளிர் உரிமைத் தொகைக்கு அஞ்சு ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்குள் இருக்க வேண்டும் என்று விதி. ஏட்டில் இருக்கும் வகையையே நம்பி வரம்பு போட்டால், கருவேலம் முளைத்த நன்செய்க்காரரும் ரெண்டு போகம் எடுக்கிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இப்போது, நான் சொன்ன அந்த ஏழை.

மேலே போட்ட அதே ஏக்கரைக் குத்தகைக்கு ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு டன் என்பது 62 கிலோ மூட்டையில் 32. குத்தகை பத்து மூட்டை என்றால் 620 கிலோ, கொள்முதல் விலையில் 15,500 ரூபாய். 22,000-ல் அதைக் கழித்தால் அஞ்சு மாதத்துக்கு 6,500. கிலோ 19-க்கு விற்றால் மிச்சம் 10,000. குத்தகை நெல் 11,780. கைப்பணம் போகிறது. அவரால் நேரடியாகக் கொள்முதல் நிலையத்தில் போடுவதும் லேசில்லை, சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் நிலத்துக்காரர் பெயரில். பணமும் அவர் வங்கிக் கணக்கில்தான் விழும், அங்கிருந்து கைக்கு வர நாலு நடை. பயிர்க்கடன் பெரும்பாலும் கிடைக்காது என்பதால் உரக்கடையில் கடன், அந்தக் கடைக்காரரே நெல்லையும் எடுத்துக்கொள்வார். வருசம் 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் பிஎம் கிசான் உதவி நிலப்பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான், அவர் சென்னையில் இருந்து வயலை எட்டிப் பார்க்காவிட்டாலும் சரி. வெள்ளம் வந்து நிவாரணம் அறிவித்தால் அதுவும் பெரும்பாலும் பட்டா பார்த்தே போகிறது.

குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லும், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லும் வந்துவிட்டன. வந்ததால்தான் எழுத்தில் குத்தகை கொடுக்க யாரும் துணிவதில்லை. பேர் பதிவானால் நிலம் போய்விடும் என்ற பயம். முழுப் பொய்யான பயமும் இல்லை அது. அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு, ஒவ்வொரு வருசமும் ஆளை மாற்றலாம்.

இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள், அதுவும் பட்டாவோடு இணைத்துத்தான். உழுகிறவரை அதில் சேர்க்க வழி இருக்கிறது. நடவு முடிந்த மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் சாகுபடியாளர் என்று தனிக் கட்டம் போட்டு எழுதட்டும். அந்தப் பதிவு ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும், குத்தகை உரிமைக்கோ நில உரிமைக்கோ ஆதாரமாகாது என்று சட்டத்திலேயே சேர்த்து, தாளிலும் அச்சடித்துவிட வேண்டும். அப்படி இருந்தால் நிலத்துக்காரரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். கொள்முதல் பணமும், பயிர் காப்பீடும், நிவாரணமும் அந்தக் கட்டத்தில் உள்ள பெயருக்குப் போகட்டும்.