கணக்குக் கேட்டால் கட்சி கேட்பதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டத்தில், அதாவது கிராம சபை போல நகரத்தில் மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், நடந்ததை அந்த வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களில் சிலர் சிரிப்புக் குறி போட்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

இட்லிக் கடை அக்கா எழுந்து நின்று கேட்டது இதுதான்: எங்கள் தெரு மழைநீர் வடிகால் வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், ஒப்பந்ததாரர் யார், வேலை எப்போது முடியும்? அதற்குக் கிடைத்த பதில்: “நீங்கள் எந்தக் கட்சி?”

அவர் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன? எந்தக் கட்சியிலும் இல்லாவிட்டால்தான் என்ன? ஒரு பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அந்தப் பகுதி சபையின் உறுப்பினர்கள். அழைப்பிதழ் தேவையில்லை, சிபாரிசு தேவையில்லை, உறுப்பினர் அட்டை தேவையில்லை. அக்காவின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அவர் உறுப்பினர். வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல, மனு கொடுக்க வந்தவரும் அல்ல. உறுப்பினர்.

வீடியோவில் இன்னொன்றையும் கவனியுங்கள். “எந்தக் கட்சி” என்று கேட்டவர் கவுன்சிலர் அல்ல, கவுன்சிலரின் கணவர். தலைமை நாற்காலியில் அந்த அம்மையார் உட்கார்ந்திருக்கிறார், மைக் கணவர் கையில் இருக்கிறது. உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தியது இதற்காகவா? அந்தக் கூட்டத்தில் பேச அந்தக் கணவருக்கு அதிகபட்சம் என்ன தகுதி இருக்க முடியும்? அந்தப் பகுதி வாக்காளர் என்கிற தகுதி. அதாவது அக்காவுக்கு உள்ள அதே தகுதி.

அந்தப் பள்ளத்தை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவின் கடை வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பக்கச் சுவர் எழுப்பிவிட்டு மூடி போடாமல் போய்விட்டார்கள். முறுக்குக் கம்பிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குத்திவிடக் கூடாது என்று கம்பி முனைகளில் பழைய அரிசிச் சாக்கைச் சுற்றிக் கட்டியவர் அக்காதான். குறுக்கே கிடக்கும் சென்டரிங் பலகையும் அவர் காசு கொடுத்து வாங்கிப் போட்டது. வேலையின் பெயர், மதிப்பீடு, முடியும் தேதி எழுதிய பலகை ஒன்று வைத்திருக்க வேண்டும். அது எங்கள் தெருவில் எங்கும் இல்லை. பலகை இருந்திருந்தால் அவர் கடையை மூடிவிட்டு வந்து கேட்டிருக்கவே மாட்டார்.

எனக்கு ஆறவே ஆறாதது அந்தக் கணவர் பேச்சைத் தொடங்கிய விதம். உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் மக்களாட்சி கண்டான் என்று முழங்கினார். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது, சரி. அதில் நிலமில்லாதவர்களுக்கு இடமில்லை, அதையும் ஒத்துக்கொள்வோம். ஆனால் யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று அந்தக் கல்வெட்டு சொல்வதை அவர் படித்தாரா? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் பெயரை இடக்கூடாது. அவர்களுடைய உறவினர்கள் பெயரையும் இடக்கூடாது. உத்திரமேரூரைப் பற்றி மேடையில் பெருமை பேசிய அதே வாய், கணக்குக் கேட்ட பெண்ணிடம் கட்சி கேட்கிறது.

“கூட்டம் நடப்பதே பெரிய விஷயம், குறை சொல்லாதீர்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2010இல் சட்டத்தில் ஏறிய பகுதி சபைக்கு 2022இல்தான் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் வந்து உட்கார்ந்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நம் தெருவுக்கும் காலம் வந்துவிட்டது என்று மனதார மகிழ்ந்தவன் நான். இத்தனை காத்திருப்புக்குப் பிறகு கிடைத்ததாயிற்றே என்பதால்தான் வலிக்கிறது. கேள்வி கேட்க முடியாத கூட்டத்துக்குப் பந்தல் எதற்கு?

“தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியதுதானே?” கேட்கலாம். ஆனால் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்கள் என்று அதே சட்டத்தின் நான்காவது பிரிவு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வீட்டு வாசலில் நடக்கும் வேலைக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் வாயால் கேட்டால் ஆகாதா?

“தூண்டிவிட்டவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும்” என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

என் அம்மாவின் ஊரில் கிராம சபை நடக்கும். அக்டோபர் 2ஆம் தேதி நான் ஊரில் இருந்தால் அம்மாவோடு போய் உட்காருவேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். கூலி ஏன் இன்னும் ஏறவில்லை, யார் பெயரில் யார் வேலை பார்த்ததாக எழுதினீர்கள் என்று ஊராட்சிச் செயலரைப் பிடித்து உலுக்குவார்கள். சத்தம் வரும், சண்டை வரும். தலைவருக்குக் கோபம்கூட வரும். ஆனால் தீர்மான நோட்டு எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கும். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அம்மா கையெழுத்துப் போடுவார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவரிடம் யாரும் கட்சி கேட்டதில்லை.

இங்கே என்ன நடந்தது? கூட்டம் என்ற அறிவிப்பே அன்று காலையில்தான் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. தீர்மான நோட்டில் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பக்கம் கையெழுத்து விழுந்திருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு முன்னால் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுந்து தெருநாய்த் தொல்லை பற்றி நெடுநேரம் பேசினார். “உட்காருங்கள் சார், குறித்துக்கொள்கிறோம்” என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அவரிடம் யாரும் கட்சி கேட்கவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை, அவருக்குக் கிடைத்த மரியாதையிலும் தவறில்லை. அதே மரியாதை மாவுக் கறை படிந்த புடவைக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் வரி கட்டவில்லையா? வாடகைக் கடைதான். அந்த வாடகைக்குள்தான் சொத்து வரியும் இருக்கிறது.

வீடியோவைப் பார்த்துவிட்டு “அந்தம்மாவுக்கு எதற்கு இந்த வேலை, இட்லி விற்றோமா போனோமா என்று இருக்க வேண்டாமா” என்று நம் குடியிருப்போர் குழுவிலேயே ஒருவர் எழுதினார். கணவர் கேட்ட கேள்வியைவிட இதுதான் என்னைக் குத்தியது. மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துப் போடுகிறவர் அவர். கூட்டத்துக்கு வரவில்லை. வந்து கேட்ட ஒருவரை வீட்டில் இருந்தபடி கண்டிக்கிறார். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கும்போது அது ஏன் என்று புரிகிறது.

வடிகால் வேலையின் மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி, அன்றைய தீர்மான நோட்டின் நகல், இவற்றைக் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே தெருத் தெருவாக அறிவிக்க வேண்டும், கவுன்சிலரே நடத்த வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. வெள்ளிக்கிழமை மாலை வரை மனு அவருடைய கடையில்தான் இருக்கும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் பள்ளத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.