1500 ரூபாய்க்கு விலைபோன என் சித்தி

2024 நவம்பர், மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த வாரம். நேற்று ராத்திரி நான் யாருடைய பதிவில் போய்ச் சண்டை போட்டேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், அவர் அதற்குள் அதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார். ஆனால் அவர் போட்ட அந்த மீம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது: அரசு கொடுத்த 1500 ரூபாய்க்காகப் பெண்கள் பாஜக கூட்டணிக்கு ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று. சேலை கட்டிய நாலு பெண்கள், ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு விலைச்சீட்டு, அதில் 1500. கீழே "தாராவி அக்காக்களுக்கு நன்றி". எனக்கே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. ஒன்று எங்கள் சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு, தமிழர் குழு. ஒன்று கல்லூரித் தோழிகள். மூன்றாவது குடும்பக் குழு, அனுப்பியவர் சென்னை மாமா. அந்தக் குழுவில் என் சித்தியும் இருக்கிறாள் என்பது மாமாவுக்கு மறந்துபோயிருக்கலாம். சித்தி மும்பை தாராவிக் குடிசைப் பகுதியில் இருக்கிறாள். பெண்களுக்கு மகாராஷ்டிர அரசு மாதம் 1500 கொடுக்கும் லாட்கி பஹீண் திட்டப் பணம் வாங்குகிறாள். மீமைப் பார்த்துவிட்டாள். நீல டிக் விழுந்திருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் "நீ அந்தக் கட்சி" என்று ஆரம்பிப்பீர்கள். நான் ஓட்டுப் போட்டது தோற்ற பக்கத்துக்கு. செம்பூரில் என் வேட்பாளரும் தோற்றார், மாநிலத்தில் என் கூட்டணியும் தோற்றது. முடிவு வந்த 23-ஆம் தேதி காலை பத்தரைக்கெல்லாம் டிவியை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். 288 இடத்தில் 230 அந்தப் பக்கம், ஆட்சியில் இருந்த பாஜக கூட்டணிக்கு. பாஜக மட்டும் 132. இந்தப் பக்கம், என் கூட்டணியில், உத்தவ் தாக்கரேயின் சிவசேனை 20, காங்கிரஸ் 16, சரத் பவார் கட்சி 10. எதிர்க்கட்சித் தலைவர் பதவியை உரிமையோடு கேட்கும் அளவுக்கு ஒரு கட்சிக்கும் இடம் தேறவில்லை. எனக்கும் வயிறு எரிகிறது சார். அந்த எரிச்சலைத் தணித்துக்கொள்ள இட்லி அவித்து விற்கும் ஒருத்தியின் கழுத்தில் விலைச்சீட்டு மாட்ட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மீம் போட்ட அறிவாளிக்கு ஒரு சின்னத் தகவல். தாராவியில் ஜெயித்தது காங்கிரஸ். ஜோதி கெய்க்வாட், 23,000-க்கு மேல் வித்தியாசம். தோற்றவர் பாஜக கூட்டணியின் ஷிண்டே சிவசேனைக்காரர். அதாவது நீங்கள் யாரை விலைபோனவள் என்கிறீர்களோ, அவள் தொகுதி உங்கள் பக்கம்தான் நின்றிருக்கிறது. தேடிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. குடிசை என்றதும் விலைபோயிருப்பாள் என்று உங்களுக்கே தோன்றிவிட்டது, அதற்கு எதற்குத் தேர்தல் முடிவெல்லாம்?

பக்கத்துத் தொகுதி சயான் கோலிவாடா. அங்கே பாஜகவின் கேப்டன் தமிழ்ச்செல்வன் மூன்றாம் முறையாக ஜெயித்தார். 2014, 2019, இப்போது. முதல் இரண்டு முறை லாட்கி பஹீண் என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தொகுதியின் ஆன்டாப் ஹில்லில் இருக்கும் தமிழச்சிக்கும் அதே 1500, தாராவியில் இருக்கும் தமிழச்சிக்கும் அதே 1500. ஒரு தொகுதி இப்படிப் போட்டது, ஒரு தொகுதி அப்படிப் போட்டது. இதில் யார் விற்றது, யார் வாங்கியது என்று எனக்குக் கொஞ்சம் புரியவைக்க முடியுமா?

இன்னொன்று. நம் கூட்டணி 3000 தருவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மகாலட்சுமி என்று பெயர்கூட வைத்தார்கள். கூடவே பெண்களுக்கு பஸ் இலவசம். எதிர்ப்பக்கம் 1500-ஐ 2100 ஆக்குகிறோம் என்றது. ஓட்டை விற்கத்தான் சந்தைக்கு வந்தாள் என்றால், 3000 தருகிறேன் என்றவனை விட்டுவிட்டு 2100 என்றவனிடம் ஏன் விற்றாள்? மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிறவள் சார் அவள். கணக்குத் தெரியாதா அவளுக்கு?

"கையில் இருக்கிற 1500, வாயில் சொல்லுகிற 3000 இரண்டும் ஒன்றா" என்று நேற்று ஒருவர் கேட்டார். சரி, ஒன்றில்லை. கொடுத்தவனை நம்பினாள், சொன்னவனை நம்பவில்லை. கம்பெனி மாறும்போது ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காமல் இருந்தீர்களே, அதற்கு என்ன பெயர்? விவரம். அவள் செய்தால் விற்பனை.

அந்தப் பணம் எப்படி வந்தது என்றாவது தெரியுமா உங்களுக்கு? ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் செய்தாள். "ஏட்டி, ஒரு ஃபாரம் நிரப்பணும், வாரியா?" நான் போனேன். சித்தி இருப்பது 90 அடி சாலையில் இருந்து உள்ளே இரண்டு சந்து தள்ளி, மேலே. இரும்பு ஏணியில் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவாள். ஐந்தரைக்கு சித்தப்பா அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார். நான் போனபோது வேலை முடிந்து தரையெல்லாம் கழுவி ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டு எல்லாக் காகிதத்தையும் பரப்பி வைத்திருந்தாள்.

ஃபாரம் மராத்தியில். ஆதாரில் சித்தி பெயருக்குப் பின்னால் ஓர் "அம்மாள்" இருக்கிறது, ரேஷன் அட்டையில் இல்லை. வங்கிப் புத்தகத்தில் "அம்மாள்" இருக்கிறது, ஆனால் ஒரு எழுத்துக் குறைவு. இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. நல்லவேளை, 15 வருஷப் பழைய ரேஷன் அட்டை இருந்தால் டொமிசைல் சர்டிபிகேட், அதாவது மாநிலத்தில் குடியிருக்கும் சான்று, வேண்டாம் என்றார்கள். சித்தியிடம் இருப்பது கேசரி கார்டு, அதாவது ஆரஞ்சு நிற ரேஷன் அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்தது, பெட்டிக்கு அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்திருந்தாள். அப்புறம் ஹமீபத்ர என்று ஓர் உறுதிமொழிப் படிவம், வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்து, "பொய் சொன்னா ஜெயிலாட்டி?" என்று கேட்டாள். பொய் என்ன இருக்கிறது அதில், இரண்டரை லட்சத்தை அவள் சேர்ந்தாற்போல் பார்த்ததே கிடையாது. அந்த ஆப்பில் போட்டோ ஏற்ற மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. கடைசியில் அங்கன்வாடி சேவிகா ஒருத்தி புண்ணியம் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டில், ரக்ஷாபந்தனுக்கு முன்னால், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 3000 வந்தது. வந்தது என்று சொல்வதா? மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பழைய பாக்கிக்கு வங்கி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. எந்த வங்கி என்று எழுதி இன்னொரு சண்டை இழுக்க எனக்குத் தெம்பில்லை. மிச்சத்தில் சித்தி கிரைண்டர் கல்லைக் கொத்தவைத்தாள். ஒரு வருஷமாக மாவு நைசாக அரைபடவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவிடம் கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்". அடுத்த மாசம் வந்ததே இல்லை.

இவள்தான் விலைபோனவள். கிரைண்டர் கல் கொத்திய விலை.

தாராவியில் என்ன நினைத்து ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அங்கே பேச்சு முழுக்க வீட்டைப் பற்றித்தான். மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மேலே இருப்பவர்களுக்கு வெளியே எங்கோ, அதுவும் வாடகை கட்டிக்கொண்டு. சித்தி மேலே. வெளியே போனால் ஐந்தரை மணி சைக்கிள் எப்படி மாட்டுங்காவுக்கு வரும்? இந்த ஒரு கேள்வியோடு அவள் ஓட்டுச்சாவடிக்குப் போயிருக்கிறாள். நீங்கள் அவள் கழுத்தில் 1500 என்று எழுதுகிறீர்கள்.

இப்போது வருவார்கள். "தேர்தலுக்காகவே கொடுத்ததுதானே அது?" ஆமாம். யார் இல்லையென்றது? ஜூன் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஆகஸ்டில் கொடுத்தார்கள், அக்டோபரிலேயே நவம்பர் தவணையையும் சேர்த்துப் போட்டார்கள். ஓட்டுக்காகத்தான். அவன் வாங்கத்தான் நினைத்தான். அவன் வாங்க நினைத்தான் என்பதற்காக அவள் விற்றாள் என்று ஆகிவிடுமா?

"வருஷத்துக்கு 46,000 கோடி, மாநிலம் கடனில் மூழ்கும்." நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நான் வருஷா வருஷம் வீட்டுக்கடன் வட்டியை 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக் காட்டுகிறேன். நம் சொசைட்டிக் குழுவில் மார்ச் மாதம் பேச்சே அதுதான், எந்த சி.ஏ. நல்லவர் என்று. அதை வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டாயா என்று என் கழுத்தை யாரும் பார்க்கவில்லை. "அது நாம் கட்டிய வரி" என்பீர்கள். சித்தி வாங்கும் சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் கடைக்காரர் ஜிஎஸ்டியைத் தள்ளுபடி செய்துவிடுகிறாரா?

ஈவிஎம் ஓட்டு மெஷினில்தான் மோசடி என்பவர்களோடு இன்றைக்குப் பேசப் போவதில்லை. மெஷினா 1500-ஆ என்று முதலில் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே பதிவில் எழுதாதீர்கள். தோல்விக்கு மற்ற காரணங்களாகச் சொல்லப்படும் வெங்காயம், சோயாபீன் விலை, ஓபிசி ஓட்டு, தொகுதிப் பங்கீட்டில் கடைசி நாள்வரை நடந்த கூத்து, இதையெல்லாம் பேச ஆள் இருக்கிறார்கள், பேசட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் மறக்க முடியவில்லை. ஜூனில் மக்களவை முடிவு வந்தபோது, மகாராஷ்டிரத்தின் 48 இடத்தில் 30 நம் கூட்டணிக்கு. அன்றைக்கு இதே சொசைட்டிக் குழுவில், இந்த மீமைப் போட்ட இதே மனிதர், "ஏழை மக்கள் ஜனநாயகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்" என்று கைகூப்பும் பொம்மை நாலு போட்டார். ஐந்தே மாதம். ஜூனில் காவல் தெய்வம், நவம்பரில் விலைச்சீட்டு. நடுவில் அவளுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்குத்தான் தோல்வி வந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. மாநிலத்தில் பெண்கள் ஓட்டுப் பதிவு 2019-ல் 59 சதவீதம் சொச்சம், இந்த முறை 65 சதவீதம். பணக்காரர்கள் வசிக்கும் தென்மும்பைக் கொலாபாவில் பாதிப் பேர்கூட வரவில்லை. நம் சொசைட்டியில் ஓட்டு நாளான 20-ஆம் தேதி லோனாவாலாவுக்குச் சுற்றுலா போன நாலு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மீம் கிடையாது.

சென்னை மாமாவுக்குத் தனியாக. மாமா, போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் அத்தை எனக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொடுத்தார்கள். அரசு இலவசமாகக் கொடுத்த அந்த மிக்ஸியில் இன்னும் ஜெயலலிதா அம்மா படம் ஒட்டியிருக்கிறது. மேலே பரணில் இருக்கும் கலர் டிவி 2006 திமுக ஆட்சியில் இலவசமாக வந்தது. அத்தை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் காசு கொடுக்காமல்தான் பஸ்ஸில் போகிறார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு 2023 செப்டம்பரில் இருந்து மாதம் 1000 வருகிறது, அதைச் சமூகநீதி என்று எனக்கு ஒரு மணி நேரம் விளக்கியதும் நீங்கள்தான். நான் ஒத்துக்கொண்டேன், இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே 1000 வாங்கினால் உரிமைத் தொகை, தாராவியில் 1500 வாங்கினால் விலைபோனவளா? அல்லது தாராவித் தமிழர் என்றால் எப்போதும் கொஞ்சம் கீழேதானா? "தாராவியிலயா வளர்ந்த, பாத்தா தெரியலையே" என்று என் கல்யாணத்தில் பாராட்டிய குடும்பம்தானே நம்முடையது.

சரி. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பணம் எல்லாம் அப்பா கையில். தோல் பட்டறையில் சனிக்கிழமை கூலி. மளிகைக்கு அண்ணாச்சி கடையில் நோட்டு. அம்மா அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்குவாள், நோட்டில் ஒரு லிட்டர் என்று எழுதச் சொல்வாள், மிச்சத்தைக் காசாக வாங்கிக்கொள்வாள். அண்ணாச்சி ஒன்றும் கேட்க மாட்டார், தெருவில் பாதிப் பெண்களுக்கு அவர் இதைச் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல எண்ணெயிலயா குளிக்கிய?" என்று கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் கட்டிய பணம் அந்த எண்ணெயில் வந்ததுதான். தன் வீட்டிலேயே திருடித்தான் அம்மா எனக்குப் பணம் கட்டினாள். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு கடைசிவரை கிடையாது.

சித்திக்கு 58 வயசில் அவள் பெயருக்கென்று மாதம் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். தமிழில் படித்துச் சொல்லு என்று என்னிடம் நீட்டினாள், ஆகஸ்டில்.

இன்று காலை போன் செய்தேன். குழுவில் வந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதல்வர் யார் என்றே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் 2100 எந்த மாசத்தில் இருந்து என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்புறம் மனசு கேட்காமல், "யாருக்குச் சித்தி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மாவு பொங்கிருக்கு, வைய்யி" என்று போனை வைத்துவிட்டாள்.